பென்டிரைவைக் கண்டுகொள்ளாத லேப்டாப்: மண்டபத்தில் ஒரு நிறுவல் ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடற்பாசி வளர்க்கும் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு, இலகுவான ஓர் ஓஎஸ்ஸைப் பென்டிரைவ் வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியாயிற்று, இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் வழியில் நான்கு இடத்தில் நின்றது. நான்கும் ஒரே கோளாறின் நான்கு முகம் இல்லை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கு காரணங்கள், அதில் ஒன்று நம்ம ஊர் உப்புக்காற்று. "பென்டிரைவ் எடுக்க மாட்டேங்குது, போர்டு போச்சு" என்ற ஒற்றை வரித் தீர்ப்போடு இந்த வகை மெஷின்களைப் பீரோ மேல் தூக்கிப் போட்டிருக்கும் வீடுகளைப் பாம்பனிலும் பார்த்திருக்கிறேன், கீழக்கரையிலும் பார்த்திருக்கிறேன். அதில் பெரும்பாலானவை போகவில்லை. அதனால்தான் நடந்ததை விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் மெஷின். இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் சிப், 2014-ல் வந்த பே டிரெயில் வகை. நான்கு கோர், 1.33 கிகாஹெர்ட்ஸ், 2 ஜிபி ராம். அந்தச் சிப் அதற்கு மேல் ராம் ஏற்காது. ஹார்டுடிஸ்க் கிடையாது, பதிலுக்கு 32 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப். ராமும் இஎம்எம்சியும் போர்டோடு பற்றவைத்தவை, கழற்றி மாற்ற வழியில்லை. குழு இதில் செய்கிற வேலை பெரிதில்லை: யார் எத்தனை கிலோ பாசி கொண்டுவந்தார்கள், ஈரமா காய்ந்ததா, முன்பணம் எவ்வளவு போனது, யாருக்கு என்ன பாக்கி. ஓர் எக்செல் கோப்பு, கொஞ்சம் தமிழ்த் தட்டச்சு, எப்போதாவது ஒரு மின்னஞ்சல்.

இந்த வேலைக்கு இந்த மெஷின் தாராளம். ஆனால் விண்டோஸ் 10 அந்த 32 ஜிபியைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிட்டிருந்தது. அப்டேட் இறங்க இடம் வேண்டும், இடம் இல்லை, பாதியில் தோற்கும், மறுநாள் மறுபடி முயலும், அந்த நேரம் எக்செல் திறக்கவே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. ராமும் டிஸ்க்கும் இதில் பாதிதான் இருக்கிறது.

குழுத் தலைவி அக்கா லேப்டாப்பைக் கையில் கொடுக்கும்போதே சொன்னது: "தம்பி, இதுக்குள்ள எல்லாரோட கணக்கும் இருக்கு. அத மொதல்ல பத்திரமா எடுத்துக் குடுத்துருங்க, மிஷினு பொழச்சாப் பாப்போம்." ரொம்பச் சரியான பேச்சு. விண்டோஸ் மெதுவாகவாவது எழுந்துகொண்டிருந்ததால் கோப்புகளை இரண்டு இடத்தில் நகல் எடுத்தோம், ஒன்று அக்காவின் போனிலேயே. நகல் எடுத்ததோடு நிற்காமல் ஒவ்வொரு கோப்பையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து கடைசி வரி வரைக்கும் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. பெயர் மட்டும் வந்து உள்ளே ஒன்றும் இல்லாத நகல்கள் இருக்கின்றன, அதனால் சொல்கிறேன்.

எனக்கு முன்னாலேயே ஒரு முயற்சி நடந்திருந்தது. அக்காவின் அண்ணன் மகன் ராமநாதபுரத்தில் கல்லூரி படிக்கிற பையன், டைனி11 போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான். விண்டோஸ் 11-ல் இருந்து வேண்டாத பொருள்களை வெட்டி எடுத்து, ராம், டிபிஎம் சோதனைகளையும் தாண்டிப் போகும்படி செய்த இளைத்த பதிப்பு அது, 2023-ல் பரவலாயிற்று. செருகினான், எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனுவில் பென்டிரைவ் பெயரே வரவில்லை. அதே பென்டிரைவ் அவனுடைய லேப்டாப்பில் உடனே எழுந்தது. கடையில் காட்டியிருக்கிறார்கள், யூஎஸ்பி போர்ட் போய்விட்டது, போர்டு மாற்ற வேண்டும் என்று பதில்.

போர்ட் முழுக்கப் போயிருந்தால் விண்டோஸுக்குள் அதே பென்டிரைவ் திறக்கக் கூடாதே? திறந்தது. அப்படியானால் குறை வேறெங்கோ. துப்பு விண்டோஸ் அமைப்புகளில் இருந்தது, "இந்தக் கணினி பற்றி" என்ற பக்கத்தில் ஒரே வரி: 32-பிட் இயங்குதளம், 64-பிட் பிராசஸர். இந்த வரியைப் பார்த்ததும் பாதி விஷயம் தெளிவாகிவிட்டது.

விளக்கம் இது. மெஷினை முதலில் எழுப்புவது போர்டிலேயே பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் என்ற நிரல். அது ஒரு பென்டிரைவைப் பூட் ஆகக்கூடியது என்று ஏற்க, அதற்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டரில் பூட் என்ற ஃபோல்டரைத் திறந்து, குறிப்பிட்ட பெயரில் ஒரு கோப்பைத் தேடும். 64-பிட் ஃபர்ம்வேர் தேடுவது பூட்எக்ஸ்64, 32-பிட் ஃபர்ம்வேர் தேடுவது பூட்ஐஏ32. அந்தக் காலத்தில் இந்தச் சிப்போடு வந்த மலிவு மெஷின்கள் பலவற்றில், சிப் 64-பிட் ஆக இருந்தாலும், கூடவே வந்தது 32-பிட் விண்டோஸ், ஏனென்றால் அது ராமும் டிஸ்க்கும் குறைவாகப் பிடிக்கும். அதற்கேற்ப ஃபர்ம்வேரையும் 32-பிட்டில் போட்டுவிட்டார்கள். டைனி11 பென்டிரைவைத் திறந்து பார்த்தால் பூட்எக்ஸ்64 மட்டும் இருக்கிறது. ஃபர்ம்வேர் தனக்கு வேண்டிய பெயரைத் தேடியது, இல்லை, விட்டுவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வராது, பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். பழைய பயாஸ் முறைக்கு மாறலாம் என்றால் இந்த ஃபர்ம்வேரில் அந்த வாய்ப்பே வைக்கவில்லை.

அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வது? நம்ம ஊரில் தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் நீரிணை பெண்கடல், சோழகம் தெற்கிலிருந்து அடிக்கும் காற்று. "சோழகம் அடிக்கிறப்ப ஆண்கடல்ல வள்ளம் எறக்க முடியாதுல்லக்கா, பெண்கடல் பக்கம் எறக்கலாம். வள்ளத்துலயும் குறையில்ல, ஆள்கிட்டயும் குறையில்ல" என்றேன். "அப்பக் கரைய மாத்திப் பாருங்க தம்பி" என்றார். அதைத்தான் செய்தோம்.

இங்கே ஒரு குறுக்குவழி பலர் சொல்வார்கள்: பூட்ஐஏ32 கோப்பை எங்கிருந்தாவது எடுத்து டைனி11 பென்டிரைவில் போட்டால் போதும் என்று. போதாது. அப்போது பென்டிரைவ் பட்டியலில் வரும், ஒரு மெனுகூட வரலாம், ஆனால் 64-பிட் விண்டோஸை எழுப்பிவிடும் பூட்லோடர் 64-பிட் ஃபர்ம்வேரைத்தான் கேட்கும், 32-பிட்டின் மேல் அது எழாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பும் கிடையாது. ஆக, எவ்வளவு வெட்டி இளைக்கவைத்தாலும் விண்டோஸ் 11 இந்த மெஷினில் ஏறாது. லினக்ஸ் விஷயம் வேறு. 32-பிட் ஃபர்ம்வேரின் மேல் 64-பிட் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழும் வசதி 2014-ல் வந்த 3.15 பதிப்பில் இருந்தே இருக்கிறது.

டைனி11 பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவில் (நிறுவலுக்கு வேண்டியதெல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இருந்து நாமே வெட்டிக்கொள்ளும் ஸ்கிரிப்டை டைனி11-ஐச் செய்தவரே வெளியிட்டிருக்கிறார், அதைச் சொந்த மெஷினில் போட்டுப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யாரோ வெட்டி எங்கேயோ ஏற்றிவைத்த ஐஎஸ்ஓவை, ஊர்ப் பெண்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிற மெஷினில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே என்ன எடுத்தார்கள் என்பது தெரியும், என்ன சேர்த்தார்கள் என்பது தெரியாது. பையனிடமும் இதைச் சொன்னேன், புரிந்துகொண்டான், அதன் பிறகு கடைசி வரைக்கும் கூடவே இருந்தான்.

நான் எடுத்தது லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12, நெட்இன்ஸ்ட் எனப்படும் சின்ன ஐஎஸ்ஓ, மிச்சத்தை இணையத்தில் இருந்து இறக்கிக்கொள்ளும். அதன் 64-பிட் ஐஎஸ்ஓவைத் திறந்து பார்த்தால் பூட்எக்ஸ்64, பூட்ஐஏ32 இரண்டுமே இருக்கின்றன. வைஃபை சிப் போன்றவற்றுக்குள் ஏற்ற வேண்டிய தனி ஃபர்ம்வேர் கோப்புகளும் டெபியன் 12 தொடங்கி நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன, முன்பெல்லாம் அதைத் தனியாகத் தேடி எடுக்க வேண்டும். 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, ஆனாலும் இந்தச் சிப்போடு 12 ஒத்துப்போவதை முன்பே பார்த்திருந்ததால் அதிலேயே நின்றேன், 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பப்பி மாதிரி முழுக்க ராமில் ஓடும் குட்டி லினக்ஸ்கள் வேண்டாமா என்று கேட்பீர்கள். செத்த மெஷினில் இருந்து கோப்பு எடுக்க அவை அருமை. ஒரு குழு வருஷக்கணக்காக வைத்துக்கொள்ளப் போகிற மெஷினுக்கு, நான் இல்லாத நாளில் வேறு யாராவது வந்து பார்த்தாலும் தலைகால் புரியும்படி ஒன்று வேண்டும், அதனால் டெபியன்.

கோப்பு மாறாமல் இறங்கியதா என்று காட்டும் ஷா256 தொகையை டெபியன் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, ரூஃபஸ் நிரலில் ஐஎஸ்ஓவை அப்படியே பதிக்கும் டிடி முறையில் எழுதி, அங்கீகாரம் இல்லாத பூட்லோடரை எழவிடாத செக்யூர் பூட்டை ஃபர்ம்வேரில் அணைத்துச் செருகினோம். பூட் மெனுவில் பென்டிரைவ் வந்தது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்த நிறுத்தம் உடனே வந்தது. நிறுவி எழுந்தது, மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது, கோப்புகளைப் பென்டிரைவில் இருந்து ஏற்றும்போது நின்றது. மறுபடி எழுப்பினால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. மறுபடி, அதைவிட முன்னாலேயே நின்றது. இந்த இடத்தில்தான் பலர் ஐஎஸ்ஓ சரியில்லை என்று வேறு ஐஎஸ்ஓ, வேறு பென்டிரைவ், வேறு ஓஎஸ் என்று ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் எதனால் சரியானது என்பதும் தெரியாது, எதனால் கெட்டது என்பதும் தெரியாது. நிற்கிற இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் அந்தக் கோப்பையோ பென்டிரைவின் அந்தப் பகுதியையோ சந்தேகப்படலாம். இடம் மாறி மாறி நின்றால், படிக்கும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

டெபியன் நிறுவியின் மெனுவில் நிறுவல் ஊடகம் முழுமையாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வரி உண்டு. ஓட்டினோம், ஒரு கோப்பு கெட்டது என்றது. இன்னொரு முறை ஓட்டினால் வேறொரு கோப்பைச் சொன்னது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்4 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பின்னால் ஓடும் பதிவுகள் தெரியும். அங்கே யூஎஸ்பி இணைப்பு அறுந்தது, மீண்டும் இணைந்தது, படிப்பதில் பிழை என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பென்டிரைவைப் பையனின் லேப்டாப்பில் செருகி முழுதும் படித்து ஒப்பிட்டோம், ஒரு பைட்கூட மாறவில்லை. போலிக் கொள்ளளவு பென்டிரைவா என்று எஃப்3 நிரலால் வேறொரு நாள் சோதித்ததிலும் தேறியது.

டார்ச் அடித்து போர்ட்டுக்குள் பார்த்தபோது தெரிந்தது, தகடுகளின் ஓரத்தில் பச்சை. லேப்டாப் இருந்த மேசை, காய்ந்த பாசிச் சாக்குகளை அடுக்கும் கொட்டகைக்குள் இருந்தது. காய்ந்த பாசியில் உப்பு பூத்திருக்கும், உதறினால் தூளாக விழும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றில் உள்ள நீரை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். நம்ம கரையில் காலையும் இரவும் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அப்படிக் கரைந்த உப்புநீர் மெல்லிய படலமாகத் தகடுகளின் மேல் படிந்து, மேல்பூச்சில் சின்னத் துளை கிடைத்தாலும் உள்ளே இறங்கிச் செம்பைத் தின்னும். பச்சை அதனால் வந்தது. மின்தொடர்பு முழுக்க அறாது, பலவீனமாகும். ஒரு சின்ன எக்செல் கோப்பை நகலெடுக்கும் அளவுக்குத் தாங்கும், நூற்றுக்கணக்கான எம்பியை ஒரே மூச்சில் படிக்கச் சொன்னால் நடுவில் அறுந்து அறுந்து சேரும். கடைக்காரர் போர்ட்டைச் சந்தேகப்பட்டது இந்த அளவில் சரி, ஆனால் பென்டிரைவ் பட்டியலில் வராததற்கு அது காரணமில்லை, போர்டு மாற்றவும் அவசியமில்லை.

மெஷினை முழுதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய நைலான் பிரஷ்ஷால் போர்ட் இரண்டையும் துடைத்து, நன்றாக உலர விட்டோம். குண்டூசி, பிளேடு எதுவும் உள்ளே போகக் கூடாது, சுரண்டினால் மிச்சமிருக்கும் பூச்சும் போய் அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னும் மோசமாகும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஊரில் அந்தப் பழக்கம் இருக்கிறது. இரண்டு போர்ட்டில் எதில் அரிப்பு குறைவாக இருந்ததோ அதில் பென்டிரைவைச் செருகி ஊடகச் சோதனையை ஓட்டினோம். தேறியது, பதிவில் ஓர் அறுபடலும் இல்லை.

பார்ட்டிஷன் பிரிக்கும் இடத்தில் ஒரு கவனிப்பு. இஎம்எம்சி, பட்டியலில் எம்எம்சி என்று தொடங்கும் பெயரில் வரும், கூடவே பூட்0, பூட்1 என்று சில எம்பி அளவில் இரண்டு குட்டிகளும் வரலாம். அவற்றைத் தொட வேண்டாம், 31 ஜிபி சொச்சம் காட்டுகிற பெரியதுதான் நமக்கு. அதை முழுசாக அழித்து இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று, மற்றதெல்லாம் ஒன்று என்று போட்டேன். ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் ஸ்வாப் இடம் வைக்கவில்லை. பற்றவைத்த இஎம்எம்சியில் ஓயாமல் எழுதித் தேய்க்க வேண்டாம் என்று பின்னால் இசட்ராம் போட்டேன், ராமின் ஒரு பகுதியிலேயே சுருக்கி வைத்துக்கொள்ளும். நிறுவி ஸ்வாப் இல்லையே என்று ஒருமுறை எச்சரிக்கும், தொடரலாம்.

மூன்றாவது நிறுத்தம் சின்னது, ஆனால் ஆளைக் குழப்பும். போன் ஹாட்ஸ்பாட்டில் இணைந்த பிறகும், டெபியன் கோப்புகளை இறக்க வேண்டிய மிரர் தளத்தை நிறுவி ஏற்கமாட்டேன் என்றது. இணையம் இருக்கிறது, முகவரி சரி. பதிவைப் பார்த்தால், தளத்தில் உள்ள கோப்பு "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று இருந்தது. மெஷினின் கடிகாரம் 2015 ஜனவரியில் நின்றது. பேட்டரி முழுக்க வடிந்து கிடந்ததில் தேதி ஆரம்பத்துக்குப் போய்விட்டது, நிறுவி இணையத்தில் நேரம் கேட்ட சமயம் கொட்டகைக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் அதுவும் நடக்கவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி வரும் திரையில் தேதியைக் கையால் திருத்தினோம், மிரர் உடனே வழிவிட்டது. பழைய மெஷினில் இணையம் இருந்தும் எந்தத் தளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள்.

மென்பொருள் தேர்வில் டெபியன் டெஸ்க்டாப், நோம் என்ற கனமான திரைச்சூழல் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு, இலகுவான எல்எக்ஸ்கியூடி திரைச்சூழலை மட்டும் வைத்தேன். 2 ஜிபி ராமில் நோம் ஓடும், ஆனால் பக்கத்தில் வேறெதுவும் ஓடாது.

நிறுவல் முடிந்தது, பென்டிரைவை எடுங்கள் என்றது, எடுத்தோம், மறுபடி எழுப்பினால் நேராக ஃபர்ம்வேர் திரை. நான்காவது நிறுத்தம். அக்கா கொட்டகை வாசலில் இருந்தே, "என்ன தம்பி, மறுபடியும் படுத்துருச்சா?" என்றார்.

படுக்கவில்லை. நிறுவி, கிரப் பூட்லோடரை இஎஃப்ஐ பார்ட்டிஷனில் டெபியன் என்ற ஃபோல்டருக்குள் வைத்து, இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று ஃபர்ம்வேரின் நினைவில் ஒரு பதிவு எழுதும். ஒழுங்கான ஃபர்ம்வேர் அதைப் படிக்கும். இந்த மாதிரி மலிவு ஃபர்ம்வேர்கள் சில அதைக் கண்டுகொள்வதில்லை, மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரைப் பார்க்கும், இல்லையென்றால் பென்டிரைவில் தேடிய அதே பொது இடத்தில் பூட்ஐஏ32 இருக்கிறதா என்று பார்க்கும், அதோடு சரி. அதே டெபியன் பென்டிரைவைச் செருகி மீட்பு முறையில் நுழைந்தால், கிரப்பை நீக்கக்கூடிய ஊடகத்துக்கான இடத்திலும் கட்டாயமாக நிறுவு என்ற பொருளில் ஒரு தேர்வு வரும். அதைக் கொடுத்ததும் பொது இடத்தில் ஒரு நகல் விழுந்தது. பென்டிரைவை எடுத்துவிட்டு எழுப்பினோம், டெபியன் வந்தது. கிரப்-இஎஃப்ஐ-ஐஏ32 பொதியை மறுஅமைவு செய்து இதே கேள்விக்கு அங்கேயும் ஆம் என்று பதில் வைத்தேன், இல்லாவிட்டால் நாளைக்கு கிரப் புதுப்பிக்கப்படும்போது பொது இடத்து நகல் மட்டும் பழசாக நின்றுவிடும்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. லோஹித் தமிழ் எழுத்துரு, தட்டச்சுக்கான ஐபஸ் நிரலில் எம்17என் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை, அக்கா விண்டோஸிலும் அதில்தான் அடித்துக்கொண்டிருந்தார். லிப்ரேஆபீஸில் பழைய எக்செல் கோப்புகள் திறந்தன. பாசி வாங்குகிறவர்கள் எக்செல்தான் கேட்பார்கள் என்பதால் சேமிப்பதையும் அதே வடிவத்தில் வைத்தேன். முந்தைய மாதங்களின் எடைக் கூட்டலையும் பாக்கித் தொகையையும் கையெழுத்து நோட்டோடு வைத்து அக்கா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒத்துப்போன பிறகுதான் "சரி, இனி இதுலயே எழுதுவோம்" என்றார்.

வேகம் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். கணக்குக் கோப்பும் ஓரிரு இணையப் பக்கங்களும் ஒன்றாகத் திறந்திருந்தால் சிரமமில்லை. வீடியோ பார்க்க இது ஆகாது. மூடியைச் சாத்தித் தூங்கவிட்டால் எழும்போது வைஃபை காணாமல் போகிறது, அதனால் மூடினால் முழுசாக அணையும்படி மாற்றிவிட்டேன். பே டிரெயில் சிப்பில் லினக்ஸ் திடீரென்று உறைந்து நிற்கும் தொல்லை ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது, சிப்பின் ஆழ்ந்த உறக்க நிலையைக் கெர்னல் வரியில் தடுத்தால் அந்தத் தொல்லை தீரும், பதிலுக்குப் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இங்கே இதுவரை உறையவில்லை, அதனால் அதைச் சேர்க்கவில்லை. மேசையைக் கொட்டகையில் இருந்து வீட்டு உள்ளறைக்கு மாற்றியாயிற்று, போர்ட் இரண்டுக்கும் ரப்பர் மூடி போட்டாயிற்று. ஸ்பீக்கரில் இன்னும் சத்தம் வரவில்லை. கணக்கு எழுத அது வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார், பையன் விடுவதாக இல்லை, அடுத்த விடுமுறையில் அதை உட்கார்ந்து பார்க்கப் போகிறான்.